உன் மாணவியைப் பற்றி நான் பந்தியில் சொன்னது

சரவணா,

நான் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எதையும் நீ கேக்கலைன்னு போன் காட்டுது. கேக்க வேணாம். அதுல பாதி அழுகை, பாதி நியாயம் பேசறது. எனக்கே திரும்பக் கேக்கப் பிடிக்கல. அதனாலதான் பேப்பர் எடுத்து உக்காந்துட்டேன். டீச்சர் தமிழ்ல எழுதினா சுற்றறிக்கை மாதிரி ஆயிடும், பேசற மாதிரியே எழுதறேன், பொறுத்துக்கோ. இதை நீ யார்கிட்ட வேணும்னாலும் காட்டலாம். உன்னை மாதிரி புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க படிச்சா நல்லதுன்னுகூடத் தோணுது. அதனாலதான் அந்தப் பொண்ணு பேரை நான் எங்கயும் எழுதல. அவ குப்பத்துப் பேரும் இல்ல, ஸ்கூல் பேரும் இல்ல. இந்தப் புத்தி அந்தக் கல்யாணத்துக்கு முன்னாடி வந்திருந்தா இந்த லெட்டருக்கே வேலை இருந்திருக்காது.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால ஒரு தடவை, எதையும் மறைக்காம சொல்லணும். நீ வேலைக்குச் சேர்ந்த புதுசுல மாமல்லபுரத்துல ரூம் எடுத்துத் தங்கினதுல எனக்கு வருத்தம்தான். செங்கல்பட்டுலேருந்து தினம் பஸ்ஸுல போயிட்டு வரலாமேன்னு எவ்வளவு சொன்னேன். ஆனா சாயங்காலம் ஆனா கடற்கரையில நடந்துக்கிட்டே நீ போன் பண்ணுவே பாரு, அதுக்காகவே நான் டீவியை அணைச்சிட்டு உக்காந்திருப்பேன். இன்னிக்கு கிளாஸ்ல என்ன நடந்துச்சு, யாரு கணக்கைக் கரெக்டா போட்டாங்க, யாரு ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சாங்க, எல்லாம் சொல்லுவே. நான் ரிடையர் ஆனதே மறந்துபோயிடும். அப்படித்தான் ஒரு நாள் அந்தப் பத்தாவதுப் பொண்ணைப் பத்திச் சொன்னே. ‘நம்பரா குடுத்தா மொத்த கிளாஸுக்கு முன்னாடி போட்டு முடிச்சிடறாம்மா. ஆனா ஒரு தந்தையின் வயது மகனின் வயதைப் போல்னு எழுத்துல ஆரம்பிக்கிற கணக்கு வந்தா பேப்பர் காலியா இருக்கு’ன்னே. நீ அவளைத் திட்டல. எல்லாரும் போனப்புறம் பக்கத்துல உக்காந்து, அதே கணக்கை வாயால படிச்சுக் காட்டினே. உடனே போட்டுட்டா. அப்பதான் அவ சொன்னா, ‘சார், எனக்குப் படிக்க வராது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ன்னு. ஊரடங்கு சமயத்துல ஸ்கூல் மூடிக் கிடந்தப்போ வீட்ல ஒரு போன் கிடையாது. அப்ப விட்டது விட்டதுதான். மனப்பாடம் பண்ணி, பக்கத்துல இருக்கறவளைப் பாத்து எழுதி, வாயைத் திறக்காம, பத்தாவது வரைக்கும் வந்துட்டா. இத்தனை டீச்சர் கண்ணுல மண்ணைத் தூவிட்டு வந்திருக்கான்னா எவ்வளவு கெட்டிக்காரி பாரு.

அதுலேருந்து மதியச் சாப்பாட்டு நேரத்துல, கதவைத் திறந்து வச்சிக்கிட்டு, கணக்கு சொல்லித் தர்ற மாதிரி எழுத்து சொல்லிக் குடுத்தே. ஒரு நாள் போன் பண்ணினப்போ உன் குரலே சரியில்ல. என்னடா ஆச்சுன்னு பதறிட்டேன். ‘அம்மா, பஸ்ஸுல எழுதியிருந்த கல்பாக்கம்கிறதை அவளே எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டாம்மா. யாரையும் கேக்காம ஏறினேன் சார்னு வந்து சொன்னா’ன்னே. நீ அழுதுட்டே. நானும் அழுதேன். என் வயித்துல பொறந்தவன் இப்படி ஒரு வாத்தியாரா வந்திருக்கானேன்னு நெஞ்சு அப்படியே பூரிச்சுப் போச்சு. அந்தப் பூரிப்புதான்டா எல்லாத்தையும் கெடுத்துச்சு.

மதுராந்தகத்துல அந்தக் கல்யாணத்துக்குப் போனேன் இல்ல, என்கூட வேலை பாத்த டீச்சர் வீட்டுக் கல்யாணம். பழைய டீச்சருங்க எல்லாம் ஒரே வரிசையில பந்தியில உக்காந்துட்டோம். டீச்சருங்க நாலு பேர் சேர்ந்தா வேற என்ன பேசுவோம், ‘இந்தக் காலத்துப் பசங்க இருக்காங்களே’ன்னு ஆரம்பிச்சிடுவோம். ஒருத்தி அவ ஸ்கூல் கதையைச் சொன்னா, இன்னொருத்தி அதைவிடப் பெரிசா ஒண்ணு சொன்னா. எனக்கு வாய் நமநமன்னுச்சு. ‘அட நீங்க வேற, என் பையன் பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு அனா ஆவன்னா சொல்லித் தரான், தெரியுமா’ன்னேன். எல்லாரும் ‘அய்யய்யோ’ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பெருமையாத்தான் ஆரம்பிச்சேன் சரவணா, சத்தியமா. ஆனா சிரிப்பு வந்ததும் அது என்னை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பஸ் போர்டு கதையையும் சொன்னேன். அவ தயங்கித் தயங்கி எப்படிப் படிச்சிருப்பான்னு இழுத்து இழுத்து நடிச்சும் காட்டினேன். நான் கண்ணால பாக்காத பொண்ணை, இலையில பாயசம் காயறது தெரியாம, நடிச்சுக் காட்டினேன்.

எதிர்ல இருந்த சகுந்தலா டீச்சர் உன் ஸ்கூல்லதான் இங்கிலீஷ் எடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ‘எங்க ஸ்கூல்லயா, யாரு அது?’ன்னு கேட்டப்போ நான் பேரைச் சொல்லல. பேர் சொல்லலைன்னு அதை ஒரு பெரிய சமத்துன்னு வேற அன்னிக்கு நினைச்சேன். ‘கணக்குல புலி, கடைசி பெஞ்சு’ன்னு மட்டும் சொன்னேன். அது போதாதா? திங்கக்கிழமை காலையில அந்த அம்மா அவளை எழுப்பி, பாடத்தைப் படின்னாங்க. இங்கிலீஷ்கூட இல்ல, தமிழ்ப் புத்தகத்தைக் கையில குடுத்து. அவ புத்தகத்தைத் திறந்து வச்சிக்கிட்டு நின்னா. யாரோ களுக்குன்னு சிரிச்சிருக்காங்க. புத்தகத்தை மூடி டெஸ்க் மேல வச்சிட்டு, பையை எடுத்துக்கிட்டு வெளிய போனவதான், அதுக்கப்புறம் ஸ்கூல் பக்கமே வரல. அன்னிக்குச் சாயங்காலம் நீ போன் பண்ணி ஒண்ணே ஒண்ணு கேட்டே, ‘யார்கிட்ட சொன்னே?’ நான் பதில் சொல்றதுக்குள்ள வச்சிட்டே. அதுலேருந்து எது கேட்டாலும் ‘ம்’, ‘சரி’, ‘அப்புறம் பேசறேன்’.

சகுந்தலா டீச்சர்கிட்ட சண்டைக்குப் போனேன், கிளாஸ்ல நடந்ததெல்லாம் அவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. ஆமா, போனேன். ‘ரிசல்ட்டுக்கு ஹெட்மாஸ்டர் எங்க கழுத்தைப் பிடிக்கறார், ஒரு பொண்ணுக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சா நான் டெஸ்ட் பண்ண வேணாமா? படின்னு சொன்னேன், கொலையா பண்ணினேன்?’ன்னாங்க. அவங்க இடத்துல நான் இருந்தா அதையேதான் பண்ணியிருப்பேன். இதைவிட மோசமாவும் பண்ணியிருக்கேன். அரையாண்டுப் பேப்பர் திருத்தற நாள்ல எங்க ஸ்டாஃப் ரூம்ல என்ன நடக்கும்னு உனக்கே ஞாபகம் இருக்கும். சின்னப் பையனா, உன் ஸ்கூல் விட்டதும் அங்க வந்து ஓரமா உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருப்பே. யாரு பேப்பர்ல கோமாளித்தனமான பதில் இருக்கோ அதை எடுத்துச் சத்தமாப் படிக்கணும், அதுதான் வழக்கம். அதுல நான்தான் ராணி. ஏரிகளின் பயன்கள் யாவைங்கிற கேள்விக்கு ஒரு பொண்ணு, ‘மதுராந்தகம் ஏரிக்கரையில்தான் எங்கள் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள்’னு எழுதியிருந்தா. அதை நான் ராகம் போட்டுப் படிக்க, ரூமே குலுங்கிச்சு. நிமிர்ந்து பாத்தா அந்தப் பொண்ணே சாக்பீஸ் டப்பாவோட வாசல்ல நிக்கறா. பாத்தப்புறமும் நான் நிறுத்தல சரவணா. மிச்ச வரியையும் படிச்சு முடிச்சேன். அவ டப்பாவை மேஜை மேல வச்சிட்டுப் போனா. அதுக்கப்புறம் அந்த வருஷம் பூரா எந்தக் கேள்விக்கும் ரெண்டு வரிக்கு மேல அவ எழுதினதே இல்ல. நான் ரேங்க் கார்டுல ‘ஆர்வம் போதாது’ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பசங்க சொல்றது, எழுதறது, அழறது எல்லாமே டீச்சருக்குச் சொந்தம்னு நாங்க நினைச்சுட்டோம். அதை எடுத்துக்கிட்டுப் போய் யார் நடுவுல வேணும்னாலும் போட்டு உடைக்கலாம்னு. வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான் பண்ணினேன். ஆறாவது படிக்கும்போது பி.டி. மாஸ்டர் உன்னைப் பூசணின்னு கூப்பிடறார்னு என் மடியில படுத்துக்கிட்டு அழுதே. நியாயம் கேக்கறேன் பேர்வழின்னு மறுநாள் பிரேயர் நடக்கும்போதே போய், அத்தனை பசங்க முன்னாடி, ‘என் பையனைப் பூசணின்னு எப்படிக் கூப்பிடலாம்’னு கத்தினேன். அதுவரைக்கும் ஒருத்தர் கூப்பிட்ட பேரு அப்புறம் ஸ்கூலே கூப்பிடற பேராச்சு. நீ என்னை ஒரு வார்த்தை திட்டல. உங்கப்பாதான் திட்டினார். இப்பவும் அவர்தான், நான் அந்தப் பொண்ணைப் பாக்கப் போறேன்னதும், ‘நீ போனா இன்னும் பத்து பேருக்குத் தெரியும், பேசாம வீட்ல கிட’ன்னார். அவர் சொன்னதுல தப்பில்ல. ஆனாலும் எனக்கு வீட்ல இருப்புக் கொள்ளல. போன ஞாயித்துக்கிழமை உனக்குத் தெரியாம நான் அங்க போனேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமா சுத்தி வளைச்சிக்கிட்டு இருக்கேன்.

கோவிச்சுக்கோ, ஆனா முழுசும் படி. பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடிச்சு, விசாரிச்சுக்கிட்டுப் போனேன். ஈ.சி.ஆர். ஓரமா அவ அம்மா மீன் போட்டிருந்தாங்க. இவ பக்கத்துல உக்காந்து மீன் ஆஞ்சுகிட்டு இருந்தா. ‘இன்னாம்மா வோணும், சங்கரா கீது, நண்டு கீது’ன்னாங்க. கணக்கு சாரோட அம்மான்னேன். அவ்வளவுதான், அந்த அம்மா எழுந்துட்டாங்க. கையைக் கழுவி, ஸ்டூலைத் துடைச்சிப் போட்டு, ‘உக்காருங்கம்மா. நீங்களாவது கேளுங்க. ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு அடம் புடிச்சிகினு கீது. சாரு வந்து கூப்ட்டாரு, வூட்ட வுட்டு வெளியவே வர்ல. இன்னாடி ஆச்சுன்னா வாயத் தொறக்க மாட்டுது. சாரு அடிச்சாரா, இல்ல எவனாவது வம்பு பண்றானா, இன்னாதான் ஆச்சு, உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க’ன்னாங்க. எனக்கு அப்பதான் உறைச்சுது. பெத்த அம்மாவுக்கே தெரியாது. அவங்க பொண்ணு பத்தாவது படிக்குதுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நான் இவ்வளவு தூரம் வந்ததே மன்னிப்பு கேக்கத்தான், அதைக் கேக்கணும்னா எதுக்குன்னு சொல்லணுமே. வாய் வரைக்கும் வந்துடுச்சு. அந்தப் பொண்ணைப் பாத்தேன். கையில கத்தி அப்படியே நிக்குது, என்னையே பாக்கறா. கெஞ்சற பார்வைகூட இல்லடா. இந்தப் பொம்பளை சொல்லத்தான் போறாங்கிற பார்வை.

சொல்லல. ‘பெரிசா ஒண்ணும் இல்லம்மா, தப்பு எங்க பக்கம்தான், நான் அவகிட்ட கொஞ்சம் பேசிட்டு வரேன்’ன்னேன். என் வாழ்க்கையில வாயை மூடினது அது முதல் தடவைன்னு உங்கப்பா சொல்லுவார். அவ கத்தியை வச்சிட்டு எழுந்து வந்தா. சவுக்குத் தோப்பு ஓரமா நின்னோம். நான்தான் அந்த டீச்சர்கிட்ட சொன்னேன், உங்க சார் சொல்லல, அவன் ஸ்டாஃப் ரூம்ல ஒரு ஆள்கிட்டகூட மூச்சு விடலைன்னேன். ‘உங்களுக்கு எப்பிடித் தெரியும்?’னா. அந்த நிமிஷம் பொய் சொல்ல வந்துச்சு, ஒளிச்சு வைக்க மாட்டேன். உன் நோட்டைத் தற்செயலா பாத்தேன், நீ யார்கிட்டயோ பேசினது காதுல விழுந்துச்சு, எதையாவது சொல்லி உன்னைக் காப்பாத்திடலாம்னு. ஆனா இத்தனை பேரை ஏமாத்தி வந்தவகிட்ட என் பொய் நிக்குமா? ‘என்கிட்ட சொன்னான். என்கிட்ட மட்டும்தான் சொன்னான், வேற ஆள்கிட்ட சொல்லவே இல்ல’ன்னேன். அதுக்கு அவ கேட்டா, ‘ஏன், நீங்க ஆளு இல்லியா?’

‘அவன் சந்தோஷத்துல சொன்னாம்மா, நீ பஸ் போர்டு படிச்சதைச் சொல்லும்போது அவனுக்குக் குரலே வரல’ன்னேன். நல்லதுதானே சொல்றோம்னு நினைச்சேன். அவ முகம் சுருங்கிப் போச்சு. ‘அதையும் சொல்ட்டாரா’ன்னா. அப்புறம், ‘சாரு அனுப்பினாரா உங்கள?’ன்னு கேட்டா. இல்ல, அவனுக்குத் தெரியாதுன்னேன். நம்பினாளான்னு தெரியல. சிரிக்காம, என் மூஞ்சியை நேராப் பாத்துச் சொன்னா: ‘நாங்க தப்பு பண்ணா, போயி அம்மாவக் கூட்டினு வான்றீங்க. சாரு தப்பு பண்ணா அவரும் அம்மாவத்தான் அனுப்பறாரு. எனக்கு உங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா, உங்கள எனக்குத் தெரியாது. சாரத்தான் எனக்குத் தெரியும்.’ சொல்லிட்டு மீன்கிட்ட போயிட்டா. கிளம்பும்போது அவ அம்மா ஒரு கவர்ல சங்கரா போட்டுக் குடுத்தாங்க, எவ்வளவு சொல்லியும் கேக்கல. பஸ்ஸுல அதை மடியில வச்சிக்கிட்டு வந்தேன் சரவணா. அந்த வெட்கத்தை எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியல.

அவ சொன்ன அந்தத் தப்புல பெரும்பங்கு என்னோடது. ஆனா உன்னோடது ஒண்ணும் இருக்கு, அதை அம்மாங்கிற பாசத்துல நான் துடைச்சு விடக் கூடாது. நான் வெளிய சொன்னதுக்கு நீ என்மேல கோவப்படறே, கோவப்படு. ஆனா அவளுக்குக் குடுத்த வாக்கு உடைஞ்சது மதுராந்தகத்துல இல்ல. நீ எனக்குப் போன் பண்ணின அன்னிக்கே உடைஞ்சுது. உன்னை அப்படி வளத்தவளும் நான்தான். ஸ்கூல் விட்டு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள, இன்னிக்கு என்னடா நடந்துச்சு, சொல்லு சொல்லுன்னு உன்னைக் குடைஞ்சு குடைஞ்சு, எதையும் உள்ள வச்சிக்கத் தெரியாத பிள்ளையா ஆக்கிட்டேன். எல்லாத்தையும் அம்மாகிட்ட சொல்ற பிள்ளைன்னு ஊரெல்லாம் பெருமை வேற அடிச்சேன். அம்மாகிட்ட சொன்னா வெளிய சொன்ன மாதிரி ஆகாதுன்னுதான் நீ நினைச்சிருப்பே. நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்தப் பொண்ணு ஒருத்திதான் அப்படி நினைக்கல, அவ நினைச்சதுதான் சரி.

ஒரு தடவை நீ போயி அவ வெளிய வரலைன்னாலும், நீ மறுபடியும் போகணும். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கு, ஆனா அதுக்காகப் போகாதே. பரீட்சை, ரிசல்ட், எதிர்காலம்னு ஒரு வார்த்தை அங்க பேசிடாதே. அது நம்ம பயம், அவளோடது இல்ல. எங்கம்மா பண்ணின வேலைன்னும் சொல்லாதே. அது நிஜமா இருந்தாலும் சொல்லாதே, நீ சொன்னதுக்கு மட்டும் மன்னிப்புக் கேளு. ‘சொல்ல மாட்டேன்னு சொன்னேன், சொல்லிட்டேன், தப்பு’ன்னு கேட்டுட்டு நிறுத்திக்கோ. அதுக்கப்புறம் ‘ஆனா’ன்னு வாய் வரும், வரத்தான் வரும், அப்ப வாயைக் கடிச்சிக்கோ. பசங்ககிட்ட மன்னிப்புக் கேட்டா தலைமேல ஏறி உக்காருவாங்கன்னு நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் சீனியர் டீச்சர் ஒருத்தங்க சொன்னாங்க. நானும் பின்னாடி வந்தவங்களுக்கு அதையே சொன்னேன். கேட்டுப் பாத்து அப்படி ஆச்சான்னு யாராவது சோதிச்சாங்களான்னா இல்ல, நாங்க யாரும் ஒரு தடவைகூடக் கேட்டதே இல்ல. கிளாஸுக்குள்ள நுழைஞ்சதும் எழுந்து நின்னாங்களே, அதைத்தான் மரியாதைன்னு நினைச்சிட்டிருந்தோம். அவ உன்னை உக்காரச் சொல்லலைன்னா நின்னுக்கிட்டே பேசு. வரமாட்டேன்னு சொன்னா, சரிம்மான்னுட்டு வா. மறுபடியும் போ. அவ அம்மா இன்னா ஆச்சுன்னு கேப்பாங்க, அதைச் சொல்றதும் சொல்லாததும் அவ இஷ்டம், நீ வாயைத் திறக்காதே. ‘சாரத்தான் எனக்குத் தெரியும்’னு அவ சொன்னதைப் பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் யோசிச்சிக்கிட்டே வந்தேன். கோவத்துல சொன்னாளா, வேற எதனாலயாவது சொன்னாளான்னு எனக்குப் பிடிபடல. உனக்குப் புரியலாம்.

இன்னும் ஒண்ணு, இதுதான் எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு. அவகிட்ட போயிட்டு வந்து என்கிட்ட சொல்லாதே. அவ என்ன சொன்னா, அழுதாளா, திட்டினாளா, திரும்பி ஸ்கூலுக்கு வந்தாளா, எதுவுமே எனக்குத் தெரிய வேணாம். அவ பத்தாவது பாஸ் பண்ணினாலும் சொல்லாதே. நான் கேப்பேன்டா. என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா, இன்னிக்கு இவ்வளவு எழுதிட்டு அடுத்த வாரமே, அங்க மழையாமே, புயலாமேன்னு ஆரம்பிச்சு மெதுவா அவகிட்டதான் வந்து நிப்பேன். அழக்கூட அழுவேன். அப்ப நீ, ‘அம்மா, அது உனக்குச் சொல்றதுக்கில்ல’ன்னு சொல்லணும். எனக்கு வலிக்கும், பரவாயில்ல, சொல்லு. சொல்லிட்டுப் போனை மட்டும் வச்சிடாதே சரவணா. வேற ஏதாவது பேசு.

அம்மா